பந்தயத் தடத்தில் பைக் பயிற்சி: சேர நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பந்தயத் தடத்தில் நடக்கும் பைக் பயிற்சிப் பள்ளிகளில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தை மனத்தில் வைத்தே பெரும்பாலான விடைகள் அமைந்துள்ளன. ஓட்டும் முறை பற்றிய பகுதிகள் எந்தத் தடத்துக்கும் பொருந்தும்.

பல ஆண்டுகளாகச் சாலையில் பைக் ஓட்டுகிறேன். எனக்கு எதற்குப் பயிற்சிப் பள்ளி?

சாலை நமக்குக் கற்றுத்தருவது பெரும்பாலும் மற்றவர்களைப் பற்றித்தான்: பேருந்து எப்போது ஒதுங்கும், ஆட்டோ எந்தப் பக்கம் திரும்பும், நாய் எப்போது குறுக்கே பாயும் என்பதை நாம் நன்றாகவே கற்றுக்கொள்கிறோம். ஆனால் பைக் எப்படித் திரும்புகிறது, வளைவில் சக்கரங்கள் எவ்வளவு சுமையைத் தாங்குகின்றன, நம் கைகள் ஹேண்டில்பாரை என்ன செய்கின்றன என்பவற்றைச் சாலையில் கவனிக்க நேரமும் இல்லை, இடமும் இல்லை. ஒரே வளைவை, அதே தார்ப்பரப்பில், எதிரே வண்டி வரும் பயம் இல்லாமல், ஒரே நாளில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வாய்ப்பைத் தடம் மட்டுமே தருகிறது.

இன்னொன்றும் உண்டு. வளைவில் பயம் வந்தவுடன் ஆக்ஸிலரேட்டரை மூடுவது, ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பது, எதில் மோதிவிடுவோமோ என்று அஞ்சுகிறோமோ அதையே வெறித்துப் பார்ப்பது ஆகியவை உடல் தானாகவே செய்யும் செயல்கள். பத்தாண்டு அனுபவம் இவற்றைச் சரிசெய்வதில்லை. பல நேரம் பழக்கமாக இறுக்கிவிடுகிறது. பின்னால் வந்து கவனித்து, நீங்கள் செய்வதை உங்களிடமே சொல்லும் ஒரு பயிற்றுநர் இல்லாமல் இவை பிடிபடுவது கடினம்.

இப்படிப்பட்ட பயிற்சிகள் எங்கே நடக்கின்றன?

தென்னிந்தியாவில் இரண்டு தடங்கள் முக்கியமானவை. முதலாவது இருங்காட்டுக்கோட்டை. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் பந்தயங்களை நடத்திவிட்டு, பின்னர் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் தனக்கென ஒரு தடத்தை அமைத்துக்கொண்டது. 1990இல் பயன்பாட்டுக்கு வந்த அந்தத் தடத்தின் நீளம் சுமார் 3.7 கி.மீ.; வளைவுகள் 12. அங்கே ஓட்டுபவர்கள் வளைவுகளைச் சி1, சி2 என்று எண்ணால்தான் குறிப்பிடுவார்கள்.

இரண்டாவது, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் 2003இல் உருவான கரி மோட்டார் ஸ்பீட்வே. பந்தயக் கார்களை வடிவமைத்துப் பல இளைஞர்களைத் தடத்துக்குக் கொண்டுவந்த எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கிய அந்தத் தடம் சுமார் 2 கி.மீ. நீளமே கொண்டது. வடக்கே, டெல்லிக்கு அருகிலுள்ள புத் சர்வதேசத் தடம் 5 கி.மீ.க்கும் அதிக நீளம் உடையது. உலக மோட்டார்சைக்கிள் பந்தயத் தொடரான மோட்டோ ஜிபி 2023இல் நடந்தது அங்கேதான். பெரிய தடத்தில்தான் நன்றாகக் கற்க முடியும் என்று எண்ண வேண்டாம். நீண்ட நேர்தடம் பைக்கின் குதிரைத்திறனைக் காட்டுமே தவிர ஓட்டுபவரின் திறனைக் காட்டாது.

யார் கற்றுத்தருகிறார்கள்?

கீத் கோட் 1980இல் அமெரிக்காவில் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல், இருங்காட்டுக்கோட்டையில் பல ஆண்டுகள் முகாம் நடத்தியிருக்கிறது. தேசிய சாம்பியன் பட்டங்களை வென்ற சென்னை வீரர் ரஜினி கிருஷ்ணன் போன்றோர் நடத்தும் உள்நாட்டுப் பயிற்சிக்கழகங்களும் உள்ளன. பைக் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களுக்கென ஒரு நாள் அனுபவ முகாம்களை நடத்துவதும் உண்டு.

பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள்? அவர் தடத்தில் உங்களுடன் ஓட்டி, ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் உங்களிடம் தனியாகப் பேசுவாரா? இரண்டாவதற்கு “இல்லை” என்பது விடையானால், அது தடத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டும் நாள்தானே ஒழியப் பயிற்சி அல்ல. அதிலும் மகிழ்ச்சி உண்டு. ஆனால் அதற்குப் பள்ளிக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரு நாள் எப்படி நடக்கும்?

காலையில் பதிவு, பைக் பரிசோதனை, உடைப் பரிசோதனை, கொடிகளையும் விதிகளையும் விளக்கும் கூட்டம் ஆகியவை முடிந்ததும் மாணவர்களை நிலைவாரியாகக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழு தடத்தில் ஓடும்போது இன்னொரு குழு வகுப்பறையில் இருக்கும். சுமார் இருபது நிமிட வகுப்பு, அடுத்து அதே அளவு ஓட்டம், அதன்பின் பயிற்றுநருடன் சில நிமிடப் பேச்சு என்று மாலைவரை சுழற்சி தொடரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஒரு பாடம்தான். அந்தப் பாடத்தை விட்டுவிட்டு முன்னால் போகிறவரைத் துரத்துவதில் இறங்கினால், ஐந்து பாடங்களுக்குக் கட்டிய அன்றைய கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் காற்றில் விட்டதாகவே பொருள்.

முதல் நிலையில் உண்மையில் என்ன சொல்லித்தருவார்கள்?

கலிபோர்னியா பள்ளியின் முதல் நிலையை எடுத்துக்கொள்வோம். மற்றவர்களும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் போகிறார்கள்.

முதல் பாடம் ஆக்ஸிலரேட்டர். கியரை மாற்றாமல், பிரேக்கைத் தொடாமல் ஓட்டச் சொல்வார்கள். வேகமாக ஓட்டக் கற்க வந்தவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பிரேக் இல்லை என்றானதும் வளைவுக்கு எந்த வேகத்தில் நுழைய வேண்டும் என்பதைக் கண்ணும் உடலும் முன்கூட்டியே கணிக்கத் தொடங்கிவிடுகின்றன. வண்டி சாய்ந்து, போக வேண்டிய பாதையில் அமர்ந்ததும் ஆக்ஸிலரேட்டரைத் திறந்து, வளைவு முடியும்வரை சீராக, நிறுத்தாமல் கூட்டிக்கொண்டே போக வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. ஆக்ஸிலரேட்டரை மூடினால் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. ஆனால் முன் டயர் பின் டயரைவிட ஒல்லியானது. மெதுவாகத் திறந்துகொண்டே போனால் எடை பின்னால் நகர்ந்து, முன்னே சுமார் 40, பின்னே சுமார் 60 விழுக்காடு என்று டயர்களின் அகலத்துக்கு ஏற்றபடி பிரிகிறது. சஸ்பென்ஷனும் அது வேலை செய்ய வேண்டிய உயரத்தில் நிற்கிறது. “நடுவளைவில் வண்டி ஆடுகிறது” என்று குறைப்படுபவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியது சஸ்பென்ஷன் அல்ல, வலது மணிக்கட்டுதான்.

இரண்டாவது, திரும்பும் இடம். தார்ப்பரப்பில் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் குறியில்தான் வண்டியைச் சாய்க்க வேண்டும். முதல் சில சுற்றுகளில் எல்லோருக்குமே அந்தக் குறி மிகவும் தாமதமாகத் தோன்றும், ஏனென்றால் பயம் நம்மைச் சீக்கிரமே திரும்பச் சொல்கிறது. சீக்கிரம் திரும்பினால் வளைவின் முடிவில் வண்டி வெளியே அகன்று ஓடும். அதைத் தடுக்க நடுவில் மறுபடி திருப்ப வேண்டியிருக்கும். அதற்காக ஆக்ஸிலரேட்டரை மூட வேண்டியிருக்கும். முதல் பாடம் அங்கேயே உடைந்துபோகும். இந்தப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது இரண்டாம் ஓட்டத்திலேயே புரிந்துவிடும்.

மூன்றாவது, விரைந்து சாய்த்தல். நான்காவது, உடலின் தலையீட்டைக் குறைத்தல்: தொடைகளால் டேங்கைப் பிடித்து, முழங்கைகளைத் தளர்த்தி, கைகளைச் சும்மா வைத்திருத்தல். தடத்தில் பயிற்றுநர் முன்னால் வந்து இரண்டு முழங்கைகளையும் கோழி இறக்கையைப் போல அசைத்துக் காட்டினால், “உன் கைகள் இறுகியிருக்கின்றன, தளர்த்து” என்று பொருள். அவர் தன் பைக்கின் பின்பகுதியைத் தட்டினால் தன்னைப் பின்தொடரச் சொல்கிறார்.

ஐந்தாவது பாடம் கண்ணுக்கு. திரும்பும் இடத்தைத் தொலைவிலேயே பார்த்து வைத்துக்கொண்டு, அதை அடைவதற்குச் சற்று முன் பார்வையை வளைவின் உட்புள்ளிக்கு (வண்டி உள்விளிம்பை நெருங்கிச் செல்லும் இடத்துக்கு) மாற்றி, ஆனால் வண்டியைக் குறிவரை நேராகவே செலுத்த வேண்டும். கண் ஒரு பக்கம், வண்டி இன்னொரு பக்கம் என்பது கேட்க எளிது, செய்யக் கடினம். கண் போன பக்கமே கை போகும். சாலையில் குழியைப் பார்த்துக்கொண்டே போய்க் குழியிலேயே விட்டவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இடது பக்கம் திரும்ப இடது ஹேண்டிலைத் தள்ள வேண்டும் என்கிறார்கள். இது உண்மையா?

உண்மைதான். நடை வேகத்தைத் தாண்டியதும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, இதைத்தான் செய்கிறார்கள். இடது பிடியை முன்னோக்கி அழுத்தினால் முன்சக்கரம் ஒரு கணம் வலப்புறம் திரும்ப முயல்கிறது. வண்டி இடப்புறம் சாய்கிறது. சாய்ந்த வண்டி இடப்புறம் திரும்புகிறது. உடலைச் சாய்த்தால் போதும் என்று நம்புபவர்களுக்காகவே கீத் கோட் ஒரு பைக்கை உருவாக்கினார். அதில் வழக்கமான ஹேண்டில்பாருக்கு மேல், திரும்பாதபடி சட்டத்தோடு பொருத்திய இன்னொரு ஹேண்டில்பாரும் தனி ஆக்ஸிலரேட்டரும் இருக்கும். அசையாத பிடியைப் பற்றிக்கொண்டு உடலை எவ்வளவு சாய்த்தாலும் வண்டி சற்றே ஒதுங்குமே தவிர வளைவை எடுக்காது.

தெரியாமல் செய்வதைத் தெரிந்து செய்வதால் என்ன லாபம் என்று கேட்கலாம். பைக் எவ்வளவு விரைவாகச் சாய வேண்டும் என்பதை அப்போதுதான் நீங்கள் முடிவு செய்கிறீர்கள். ஒரே வேகத்தில் ஒரே வளைவை எடுக்கும் இருவரில், மெதுவாகச் சாய்ப்பவர் கடைசியில் அதிகம் சாய்க்க வேண்டியிருக்கும். விரைந்து சாய்ப்பவருக்குக் குறைந்த சாய்வே போதும். சாலையில் திடீரென்று ஒரு தடையைச் சுற்றிப் போகவும் இதே அழுத்தம்தான் உதவும்.

முழங்கால் தரையில் உரசினால்தான் நன்றாக ஓட்டியதாக அர்த்தமா?

இல்லை. எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். படத்துக்காக முழங்காலை நீட்டி, இடுப்பைத் தொங்கவிட்டு, கைகளால் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டு போவதை ஒவ்வொரு முகாமிலும் பார்க்கலாம். அந்தத் தோரணையில் நான்காவது பாடம் முற்றிலும் கெட்டுப்போகிறது.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் எடுக்க ஏறக்குறைய 45 பாகை சாய்வு தேவை. அதே வளைவை 90 கி.மீ. வேகத்தில் எடுக்க 52 பாகை ஆகிவிடும். பத்து கி.மீ. கூடியதற்கு ஏழு பாகை. டயரிடம் மிச்சமிருக்கும் பிடிப்பு இப்படித்தான் சட்டென்று தீர்கிறது. ஓட்டுபவர் உடலை வளைவின் உட்பக்கமாக நகர்த்தினால், அதே வேகத்துக்கு வண்டி சில பாகைகள் குறைவாகச் சாய்ந்தால் போதும். உடலை நகர்த்துவதன் பயன் இதுவே. முழங்கால் நீங்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறீர்கள் என்பதை அளக்கும் கருவி. அது தரையைத் தொடும் நாள் வரும்போது வரட்டும்.

பிரேக் பிடிப்பதை எப்போது கற்றுத்தருவார்கள்?

சில பள்ளிகளில் முதல் நாளே, சிலவற்றில் அடுத்த நிலையில். நேர்தடத்தில் முன்பிரேக்தான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. லீவரைச் சட்டென்று பிடுங்காமல், முதலில் மெல்ல அழுத்தி, எடை முன்னால் வந்து டயர் அழுந்திய பிறகு இறுக்கி, வளைவு நெருங்கும்போது படிப்படியாக விடுவிக்க வேண்டும். விடுவிப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்; ஒரேயடியாக விட்டால் முன் ஃபோர்க் எழும்பி, வண்டி திரும்ப வேண்டிய கணத்தில் நிலைகுலைகிறது.

வேகம் கூடக் கூட நிறுத்தும் தூரம் எப்படி வளர்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். நல்ல பிடிப்புள்ள பரப்பில் 100 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கக் குறைந்தது 40 மீட்டர் வேண்டும் என்றால், 140 கி.மீ. வேகத்திலிருந்து அது 78 மீட்டர் ஆகிவிடும். “நேற்று பிரேக் பிடித்த அதே இடத்தில்தான் இன்றும் பிடித்தேன், ஆனால் வண்டி வெளியே போய்விட்டது” என்பவர் நேற்றைவிட வேகமாக வந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்.

எந்த பைக்கைக் கொண்டுபோவது?

நீங்கள் நன்கு பழகிய பைக்கை. புதிதாக ஆயிரம் சிசி வாங்கி அதைக் கற்றுக்கொள்ளவே பள்ளிக்கு வருபவர்கள், வளைவைக் கற்பதற்குப் பதில் பைக்கின் சக்தியைச் சமாளிப்பதிலேயே நாளைக் கழித்துவிடுகிறார்கள். யமஹா ஆர்15, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, கேடிஎம் ஆர்சி 390 போன்ற வண்டிகள் முதல் நிலைக்குத் தாராளமாகப் போதும். இருங்காட்டுக்கோட்டையின் முதன்மை நேர்தட முடிவில் வரும் சி1 ஒரு வேகமான வலது வளைவு. சிறிய வண்டியில் அதை எடுக்கும்போது மனத்துக்குக் கிடைக்கும் அவகாசம் பெரிய வண்டியில் கிடைக்காது.

பைக்கை எப்படித் தயார் செய்ய வேண்டும்?

பிரேக் பேட், பிரேக் ஆயில், செயின் தளர்வு, டயரின் வயது ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். முந்தைய நாள் இரவில் பார்த்தால் உதிரிப்பாகம் கிடைக்காது. கண்ணாடிகளைக் கழற்றி, முகப்பு விளக்கையும் இண்டிகேட்டர்களையும் டேப்பால் ஒட்டிவிட வேண்டும். விழுந்தால் சில்லுகள் தடத்தில் சிதறக் கூடாது. எண்ணெய்க் கசிவு ஒரு துளி இருந்தாலும் பரிசோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் தடத்தில் சிந்தினால் வழுக்கும் என்பதால் ரேடியேட்டரில் வெறும் நீரை மட்டும் நிரப்பச் சொல்லும் இடங்களும் உண்டு. அப்படிச் செய்தால் வீடு திரும்பியதும் மீண்டும் கூலன்டை நிரப்ப மறக்காதீர்கள்.

டயர் காற்றை வீட்டிலேயே குறைத்துக்கொண்டு வர வேண்டாம். ஓட்டத்தில் டயர் சூடேறக் காற்றழுத்தமும் ஏறும். எவ்வளவு குறைப்பது என்பது டயரையும் அன்றைய வெயிலையும் பொறுத்தது. அதைத் தடத்தில் உள்ளவர்கள் சொல்வார்கள். அழுத்தமானி ஒன்று பையில் இருக்கட்டும்.

என்ன உடை வேண்டும்?

முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட், ஒரே துண்டாகவோ இடுப்பில் ஜிப்பால் இணையும் இரண்டு துண்டாகவோ உள்ள லெதர் சூட், முதுகுக் காப்பு, மணிக்கட்டைத் தாண்டும் கிளவுஸ், கணுக்காலை மூடும் ரைடிங் பூட்ஸ். வலைத்துணி ஜாக்கெட்டும் ஜீன்ஸும் பெரும்பாலான இடங்களில் ஏற்கப்படா. சில பள்ளிகள் தாமே சூட்டை வாடகைக்குத் தருகின்றன; உங்கள் அளவில் உண்டா என்று முன்கூட்டியே கேட்டு உறுதி செய்யுங்கள். தளர்வான சூட் விழும்போது நகர்ந்து, காப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகும்.

சென்னை வெயிலில் லெதர் சூட்டில் ஒரு நாள் முழுவதும் தாக்குப்பிடிக்க முடியுமா?

தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் ஜனவரி, பிப்ரவரியை எடுங்கள். அப்போதும் பிற்பகலில் கடுமையாகவே வியர்க்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீரும், இடையிடையே ஓஆர்எஸ் கரைசலோ உப்பிட்ட மோரோ குடித்துக்கொண்டிருங்கள். ஓட்டம் முடிந்து பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் வண்டிகளை நிறுத்தும் இடத்துக்கு) வந்தவுடன் சூட்டை இடுப்புவரை கழற்றிவிட வேண்டும். மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது வகுப்பில் தூங்கி வழிபவர்களைப் பயிற்றுநர்கள் நன்றாக அறிவார்கள். களைப்பு தெரிந்தால் கடைசி ஓட்டத்தை விட்டுவிடுவதில் வெட்கம் இல்லை. கவனம் சிதறி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

விழுந்துவிட்டால்?

முதலில் வண்டியை விட்டுவிடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டே சறுக்குவதில் காயம்தான் மிஞ்சும். சறுக்கல் முழுவதும் நின்ற பிறகே எழுந்து, பின்னால் வருபவர்களைப் பார்த்துத் தடத்தைவிட்டு வெளியேறுங்கள். தடத்தோரம் நின்று கண்காணிக்கும் மார்ஷல்கள் கொடி காட்டுவார்கள். மஞ்சள் கொடி என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கலந்த கோடுகள் பரப்பு வழுக்குவதைக் குறிக்கும். கறுப்பு உங்களுக்குக் காட்டப்பட்டால் உடனே உள்ளே வாருங்கள்.

செலவைப் பொறுத்தவரை ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இந்தியாவின் வழக்கமான வாகனக் காப்பீடு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற பயன்பாடுகளை விலக்குகிறது. தடத்தில் உடையும் பாகங்களுக்கான செலவு உங்களுடையதே என்று கணக்கிட்டுக்கொண்டு வாருங்கள். மருத்துவக் காப்பீட்டின் விலக்குகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். முடிந்தால் பைக்கை வேனில் ஏற்றி வாருங்கள், அல்லது திரும்பிப் போகும்போது பைக்கை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரர் ஒருவரின் தொலைபேசி எண்ணையாவது கையில் வைத்திருங்கள்; கிளட்ச் லீவர் உடைந்த பைக்கோடு மாலை நெரிசலில் நெடுஞ்சாலையில் நிற்க நேரக் கூடாது.

மற்றவர்கள் என்னைவிட வேகமாக இருப்பார்களே, அவர்களுக்கு இடைஞ்சலாகிவிட மாட்டேனா?

முந்துபவரே இடைவெளிக்குப் பொறுப்பு. பயிற்சி நாட்களில் சுமார் இரண்டு மீட்டர் விட்டு முந்த வேண்டும் என்பது வழக்கமான விதி. நீங்கள் செய்ய வேண்டியது, திரும்பிப் பார்க்காமலும் வழிவிடுவதாக நினைத்துத் திடீரென்று ஒதுங்காமலும் உங்கள் பாதையிலேயே போவதுதான்.

பெண்கள் சேரலாமா? வயது வரம்பு உண்டா?

தாராளமாகச் சேரலாம். தேசிய அளவில் பெண்களுக்கெனத் தனிப் பந்தயப் பிரிவே இருக்கிறது. சாலை பைக்கில் பயிற்சிக்கு வருபவர்களிடம் ஓட்டுநர் உரிமம் கேட்பார்கள். சிறுவர்களுக்கான பயிற்சி தனி ஏற்பாடு, அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

பயிற்சி முடித்ததும் பந்தயத்தில் ஓடலாமா?

பயிற்சிச் சான்றிதழ் மட்டும் போதாது. இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ வழங்கும் போட்டி உரிமம் வேண்டும். அதற்கு மருத்துவத் தகுதியும் தேவை. பந்தயத்தில் முதலில் தேவைப்படுவது வேகம் அல்ல, ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றைப் போலவே ஓட்டும் சீர்மை. அதனால் முதல் நிலையில், சுற்று நேரத்தை அளக்கும் லேப் டைமரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் நிலைக்கு எப்போது போவது?

அடுத்தடுத்த நாட்களில் இரண்டு நிலைகளையும் முடிக்கும்படி பள்ளிகளே தேதி தருவதுண்டு. வெளியூரிலிருந்து வருபவர்களுக்கு அது வசதி. உள்ளூரில் இருப்பவர்கள் சில மாதங்கள் விட்டுப் போவதே மேல் என்பது என் கருத்து. இடைப்பட்ட காலத்தில் தினசரி ஓட்டத்திலேயே தளர்ந்த கைகளையும் மூடாத ஆக்ஸிலரேட்டரையும் பழகிக்கொள்ளலாம். அதற்கு வேகம் தேவையில்லை, அலுவலகம் போகும் வழியில் ஒரு மேம்பாலத் திருப்பம் போதும். வகுப்பு முடிந்த அன்றிரவே பயிற்றுநர் சொன்னவற்றை வளைவு வாரியாக ஒரு தாளில் எழுதி வைத்து, இரண்டாம் நிலைக்குப் போகும்போது அந்தத் தாளைப் புதிய பயிற்றுநரிடம் காட்டுங்கள். அவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.